தலை மேலத்தெருவில், கால் காலனியில்

மரியபுஷ்பத்தின் அம்மா சாலம்மாள் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் பதினாறு ஆண்டுகள் அவர் ஒரே இடத்தில் கிடந்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் தலை மேலத்தெருவிலும் கால் காலனியிலுமாகக் கிடந்தார். செத்தவர் நகரவில்லை. நடுவில் ஒரு சுவர் வந்தது.

சலேத்புரம் என்ற அந்த ஊர் எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் நடுவே, பெரிய சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒரு கோயில், ஒரு பலிபீடம், ஒரு பங்குத்தந்தை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே ஜெபத்தைச் சொல்லி ஒரே அப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். விண்ணுலகம் ஒன்றுதான் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அங்கே போகும்வரை காத்திருக்கும் இடத்தில்தான் தகராறு. காலனியில் இருக்கும் தலித்துகளின் பிணமும் தங்கள் பிணமும் ஒரே நிலத்தில் கலந்து கிடப்பது மேலத்தெருக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு இருப்பவரைத் தொட்டால் தீட்டு என்பதே மடமை. மண்ணுக்கடியில் எலும்பை எலும்பு தொட்டுவிடும் என்று பயந்து செங்கல் வாங்கியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்க அவர்கள் நூல் பிடித்தார்கள். நூல் நேராக சாலம்மாளின் மேல் போயிற்று. ஒரு கெஜம் தள்ளிக் கட்டியிருந்தால் போதும். ஆனால் சுவர் வளையக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை மனிதர்கள் வளையக் கூடாது என்பதில் இருந்ததில்லை. அடித்தளத்துக்கு வழி விடுவதற்காக, படுக்கையாகக் கிடந்த ஆறடிக் கருங்கல் பலகையைத் தோள்பட்டையருகே உடைத்தார்கள். சிலுவையும் பெயரும் உள்ள துண்டு வடக்கே மேலத்தெருப் பக்கம் போயிற்று. பிறந்த தேதியும் இறந்த தேதியும் உள்ள துண்டு தெற்கே காலனிப் பக்கம் நின்றது.

வடக்கு வாசல் காலனிக்காரர்களுக்கு இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவத்தியும் பூவுமாக வரும்போது, காலனியைச் சேர்ந்த மரியபுஷ்பம் தேதிகளுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பெயருக்கு உரிய பூவைச் சுவருக்கு மேலே வீசுவார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் குறி ஓரளவு வந்திருந்தது. இருந்தாலும் காற்றடிக்கும் வருடங்களில் அம்மாவின் செவ்வந்தி மாலை பக்கத்துக் கல்லறையில் இருந்த, மேலத்தெரு சவரியாரின் அப்பா மேல் போய் விழும். அவர் மறுத்ததாகத் தெரியவில்லை.

மரியபுஷ்பத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கொட்டகையில் முப்பது ஆண்டுகளாக வேலை. ஒரிசா போய்க் கிழிந்து வரும் தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, கோணி ஊசியால் ஒட்டுப் போடுவார். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போனால் ஆறு மாதம் வர மாட்டார். ஒரே மகள் அக்சிலியா சேலத்தில் செவிலியர். கிழிசலைக் கண்டால் மரியபுஷ்பத்தின் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்சீட்டு உறை கிழிந்திருந்தால், இறங்குவதற்குள் தைத்துவிட்டு இறங்குவார். அப்படிப்பட்டவர் தன் அம்மாவின் கல் இரண்டாகக் கிடப்பதைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் அது பொறுமையால் அல்ல, அனுமதி இல்லாததால்.

சென்ற ஆண்டு அக்சிலியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணப் பத்திரிகையை முதலில் வீட்டில் செத்தவர்களின் கல்லறையில் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் கல்லறைத் திருநாளன்று வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"பத்திரிகையை அம்மா காலுல வெக்கறதா? இல்ல, செவுத்துக்கு மேல வீசறதா?" என்று மரியபுஷ்பம் கொட்டகையில் எல்லோரையும் கேட்டார். செப்டம்பர் மாதம் அவர் அனுமதி தேடிக் கிளம்பினார்.

கல்லறைக் குழுவின் செயலாளர் சவரியார் ஓய்வுபெற்ற வாத்தியார். காகிதத்தின் மேல் கடவுளை விடக் கொஞ்சம் அதிகமாக நம்பிக்கை வைத்தவர். கல்லறைப் பழுதுக்கு விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லாததால், வீடு பழுதுபார்க்கும் கடனுக்கான ஒரு பழைய படிவத்தை எடுத்து, "வீடு" என்று வந்த இடத்தில் "கல்லறை" என்று மாற்றி அச்சடித்து வைத்திருந்தார். மற்றதை அவர் படித்துப் பார்க்கவில்லை. மரியபுஷ்பம் படித்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினார்.

குடியிருப்போர் எண்ணிக்கை: ஒருவர். எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்: இருபத்தெட்டு. ஆய்வுக்கு வரும்போது இருப்பாரா: கட்டாயம் இருப்பார். வேலை நடக்கும்போது தங்க மாற்று இடம் உண்டா: தேவைப்படாது. காலி செய்யும் உத்தேசம் உண்டா, எப்போது: உண்டு, பொதுத்தீர்வை நாளன்று.

சவரியார் இரண்டு முறை படித்தார்.

"என்ன புஷ்பம், கிண்டலா?"

"கேட்டதுக்குத்தானுங்க சார் எழுதுனேன். எது தப்புன்னு சொல்லுங்க, அடிச்சு எழுதித் தாரேன்."

அவர் தேடினார். செத்தவர்கள் எழுந்து வரும் கடைசித் தீர்ப்பைப் பற்றிய பதிலில் கை வைத்தால் மறைக்கல்வியையே தொட்டதாகும். கடைசி வரியில் அவருக்கு வழி கிடைத்தது.

"எடத்தோட சொந்தக்காரர் கையெழுத்து எங்க?"

"அது யாருங்க?"

சவரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நீதான் கண்டுபிடிச்சு வரோணும்."

கண்ணாடி துடைத்ததற்குக் காரணம் இருந்தது. அது பிறகு.

பங்குத்தந்தை இளைஞர், நல்லவர், பயந்தவர். "நம்ம சொத்துப் பதிவேட்டுல கல்லறைத் தோட்டமே இல்லைம்மா. பஞ்சாயத்துல கேளுங்க" என்றார். பஞ்சாயத்து எழுத்தர், "சர்ச்சுக்காரங்க எடத்துக்கு நாங்க எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றார். மரியபுஷ்பம் இரண்டு இடத்துக்கும் மும்மூன்று முறை நடந்தார். சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கூடாது என்று சொல்ல ஊரே இருந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. உடைந்த கல்லின் வழியே தண்ணீர் உள்ளே இறங்கி மண் உட்காரத் தொடங்கியது. அனுமதி வரும்வரை அம்மா நனையாமல் இருக்கட்டும் என்று மரியபுஷ்பம் ஒரு காரியம் செய்தார். கொட்டகையில் ஒரு பழைய தார்ப்பாய் கிடந்தது. ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு, இனி ஊசி நிற்காது என்ற நிலையில் லாரிக்காரர் வேண்டாமென்று விட்டுப்போனது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

கல் சுவரின் இரண்டு பக்கமும் இருப்பதால் தார்ப்பாயும் இரண்டு பக்கமும் இறங்க வேண்டும். சுவரின் மேல் குதிரைச் சேணம் போலப் போட்டு, காலனிப் பக்கக் கயிறுகளை முளை அடித்துக் கட்டினார். பிறகு சுற்றிக்கொண்டு போய், வாழ்க்கையில் முதல்முறையாக வடக்கு வாசலில் நுழைந்தார். லாரி லோடுக்குப் போடும் முடிச்சாக, காற்றுக்கு அசையாதபடி இழுத்து, அருகில் உறுதியாக நின்ற ஒரே பொருளில் கட்டினார். அது சவரியார் அப்பாவின் சிலுவை.

மறுநாள் பூசை முடிந்து அப்பாவைப் பார்க்கப் போன சவரியார் அப்படியே நின்றார். அப்பாவின் சிலுவையில் கயிறு. சுவரின் மேல் தார்ப்பாய். அதில் முழ நீளச் சிவப்பு எழுத்தில் "பச்சமுத்து" என்ற பெயர். கீழே ஒரு தொலைபேசி எண்.

பச்சமுத்து யார் என்பது சவரியாருக்கு மட்டும் தெரியும். எழுபது ஆண்டுகளுக்கு முன் வாந்திபேதியில் ஊர் செத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊர் விவசாயி பச்சமுத்து என்பவர், "அந்தக் கல்லாங்காட்டுல பொதைச்சுக்குங்க, எப்படியும் கடலை வெளையாது" என்று வாய் வார்த்தையாகக் கொடுத்த நிலம் அது. எவரும் எழுதி வாங்கவில்லை. சுவர் கட்டும்போது சவரியார் கிராம அலுவலகத்தில் பார்த்திருந்தார். பட்டா இன்னும் பச்சமுத்து பெயரில்தான் இருந்தது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சுவரைக் கட்டினார். இப்போது அந்தப் பெயர் முழ உயரத்தில் வந்து நிற்கிறது.

அந்த எண்ணை அழுத்தினார்.

"ம், சொல்லுங்க" என்றது ஒரு கனத்த குரல்.

"சலேத்புரத்துக்குப் பக்கத்துல வெவசாயம் பாத்த பச்சமுத்துங்களா?"

"அவரு எங்க தாத்தனுங்க. செத்து முப்பது வருசமாச்சு. நான் பேரன், அர்த்தநாரி. என்ன விசயம்?"

பேரன் என்றதும் சவரியாருக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று.

"சாமி, நாங்க ஏமாத்தோணும்னு நெனைக்கலீங்க. எழுவது வருசமா அப்படியே விட்டுப்போச்சு. திடீர்னு கேட்டா முந்நூறு பேரை எங்க கொண்டுபோயி வெப்பமுங்க?"

"எந்த முந்நூறு பேரு?"

"பொணமுங்க."

அர்த்தநாரிக்குப் பதினோரு லாரிகள். அந்த நேரத்தில் ஒன்பது வண்டிகள் வெளிமாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை விட்டு எழுந்தார்.

"எந்த வண்டியிலீங்க?"

"வண்டியில இல்லீங்க. உங்க நெலத்துல."

"எனக்கு அந்தப் பக்கம் நெலமே இல்லீங்களே."

"அப்படிச் சொல்லாதீங்க. பட்டா உங்க தாத்தா பேருல பத்திரமா இருக்குது. நானே என்ற கண்ணால பாத்தேன்."

பன்னிரண்டு ஆண்டுகள் எவரிடமும் சொல்லாமல் காத்த இரகசியத்தை, எந்த ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாதோ அந்த ஆளையே தேடிக் கூப்பிட்டுச் சொன்னார் சவரியார்.

அன்று மாலையே அர்த்தநாரி கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உடன் மனைவி பழனியம்மாள். அவர் இறங்கவில்லை. மடியில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி அதன் வழியே பேசினார். மேலத்தெருவும் காலனியும் சுவரின் இரண்டு பக்கமும் கூடிவிட்டன.

அர்த்தநாரி வடக்குப் பக்கம் நின்று தார்ப்பாயைப் பார்த்தார். "இது என்ற தார்ப்பாயாச்சே" என்றார். சுற்றிக்கொண்டு காலனிப் பக்கம் போனார். சவரியாரும் பின்னாலேயே போனார். சுவர் கட்டிய பிறகு அவர் அந்தப் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் முறை. அங்கே, அதே சிவப்பு எழுத்தில், அதே முழ நீளத்தில், மீதி இருந்தது: "லாரி சர்வீஸ், சங்ககிரி."

சுவர் மட்டும் நடுவில் இல்லாதிருந்தால் அவர் ஒரே பார்வையில் முழுசாகப் படித்திருப்பார். தான் கட்டிய சுவரால் தானே பாதி படித்துக் கெட்ட முதல் வாத்தியார் அவராகத்தான் இருக்க வேண்டும். காலனிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சுவரைத் தாண்டி மேலத்தெருப் பக்கமும் போயிற்று. அதற்கு வாசல் தேவைப்படவில்லை.

அர்த்தநாரி தார்ப்பாயின் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார். "இது புஷ்பம் தையலு. கூப்பிடுங்க அந்தம்மாவை."

மரியபுஷ்பம் கூட்டத்தில்தான் இருந்தார்.

"ஏம்மா, என்ற தார்ப்பாயை எதுக்குக் கொண்டாந்து இங்க கட்டுன?"

"வேண்டாம்னு வீசிட்டுத்தான போனீங்க ஓனரு. என்ற அம்மா நனையறாங்க, அதான்."

"எங்க உங்கம்மா?"

"தலை அந்தப் பக்கமுங்க. காலு இந்தப் பக்கம்."

கார்க் கண்ணாடி இன்னும் இரண்டு விரல் இறங்கியது. "ஏனுங்க, என்ன சொல்லுது அந்தப் புள்ள?"

"செவுரு கட்டி ஒரு பொணத்தை ரெண்டாக்கி வெச்சிருக்காங்களாமா."

"நம்ம நெலத்துலயா?"

"நம்ம நெலத்துலதான்."

கண்ணாடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் முழுதாக இறங்கியது. "ஆடி மாசம் நம்ம வண்டி ரெண்டு கவுந்துச்சே" என்றார் பழனியம்மாள் மெதுவாக.

லாரிகள் கவிழ்ந்ததற்குக் காரணம், ஓட்டுநர்களை இருபது மணி நேரம் தூங்க விடாமல் ஓட்டச் சொன்னது. பேயை விட்டு முதலாளியை விசாரித்தால் பாதி விபத்துக்குக் காரணம் தெரிந்துவிடும். அதை அங்கே எவரும் சொல்லவில்லை. கொட்டகையில் அந்த ஓட்டுநர்களோடு டீ குடித்த மரியபுஷ்பமும் சொல்லவில்லை. அவர் காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அன்பாக ஒரு வார்த்தை சொன்னார்:

"அக்கா, என்ற அம்மா கெட்டவங்க இல்லீங்க. ஒண்ணாச் சேத்துட்டாப் பேசாம இருப்பாங்க."

மூடநம்பிக்கை ஒரு நியாயத்துக்கு உதவியது என்று எழுத என் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். செத்தவர் எவரும் எதுவும் செய்வதில்லை. ஆனால் செத்தவர் ஏதாவது செய்துவிடுவார் என்ற பயத்தைத்தான் அத்தனை காலமும் அந்த ஊர் காலனியின் மேல் பயன்படுத்தியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது எதிர்ப்பக்கம் திரும்பியது.

மரியபுஷ்பம் இடுப்பில் செருகியிருந்த விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அர்த்தநாரி கார் மூடியின் மேல் வைத்துப் படித்தார். "ஆய்வுக்கு வரும்போது இருப்பாரா: கட்டாயம் இருப்பார்" என்ற இடத்தில் அவருடைய தொப்பை குலுங்கியது. சொந்தக்காரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, காரிலிருந்து எடுத்து லாரி சர்வீஸின் முத்திரையையும் குத்தினார்.

"கல்லைத் தொட்டுக்கட்டுமுங்க" என்றார் சவரியார். "செவுத்தைத் தொடக் கூடாது. அது கமிட்டி கட்டுனது."

"யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?"

சவரியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ற நெலத்துல அறுபது அடிக்குச் செவுரு எழுப்பியிருக்கீங்க. ஒரு கல்லை ஒட்டறதுக்கு இந்தம்மா கையெழுத்துக்கு ஒன்றரை மாசமா நடந்திருக்குது. செவுத்துக்கு எத்தனை நாள் நடந்தீங்க?"

மரியபுஷ்பத்திடம் எழுதாத படிவம் இன்னும் ஒன்று இருந்தது. அதை எடுத்து அர்த்தநாரியிடம் கொடுத்தார். "சாருக்கு ஒண்ணு குடுங்க ஓனரு. இப்பவாச்சும் எழுதட்டும்."

சவரியார் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை எழுதித் தரவில்லை.

அர்த்தநாரியைத் தியாகியாக்க வேண்டாம். அவர் வீட்டில் காலனிக்காரர்களுக்குத் தண்ணீர் எந்த டம்ளரில் வருகிறது என்று நான் விசாரிக்கவில்லை; விசாரித்தால் எனக்குப் பிடித்த பதில் வராது. தன் நிலத்தில் தன்னைக் கேட்காமல் ஒருவன் செங்கல் வைத்தான் என்பதுதான் அவர் கோபம். அந்தச் சின்னக் கோபம் நான்கடிச் சுவரை இடித்தது. பல பெரிய கொள்கைகள் அத்தனை அடி இடித்ததில்லை.

அக்டோபர் முப்பதாம் தேதி கொத்தனார் பூபதி சுவரில் நான்கடி எடுத்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் நெம்பிச் சேர்த்தார். பொருந்தவில்லை. உடைத்தபோது விளிம்பு நொறுங்கி நடுவில் நாலு விரல் இடைவெளி விழுந்தது. மரியபுஷ்பம் தரையில் உட்கார்ந்து அந்த இடைவெளியைத் தார்ப்பாய்க் கிழிசலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு புதுக்கல்லில் ஒரு பட்டை வெட்டி, இரண்டு ஓரமும் ஏறி உட்காரும்படி மேலே பதிக்கச் சொன்னார்.

"கறுப்புச் சிமெண்டு பூசி மறைச்சுடலாமுங்க அக்கா. ஒட்டுனதே தெரியாது" என்றார் பூபதி.

"மறைக்க வேண்டாம் பூபதி. ஒட்டுத் தெரியட்டும். பாக்கறவங்க யாரு கிழிச்சதுன்னு கேப்பாங்கல்ல."

கல்லறைத் திருநாளன்று மாப்பிள்ளை வீட்டார் பேருந்து பிடித்து வந்தார்கள். அக்சிலியா பத்திரிகையைப் பாட்டியின் பெயர் மேல், சிலுவைக்குக் கீழே வைத்தார். மரியபுஷ்பம் பூவை வீசாமல் கையால் வைத்தார். வைத்த பிறகும் பழக்க தோஷத்தில் ஒரு கை தூக்கியே இருந்தது. அதைப் பார்த்துச் சம்பந்தியம்மா சிரிக்க, மரியபுஷ்பமும் சிரிக்க, ஜெபம் சொல்ல வந்த பங்குத்தந்தை சுவரின் இடைவெளியில் நின்று இரண்டு பக்கமும் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டுத் தானும் சிரித்தார். வடக்கு வாசல் மழையில் சேறாகிக் கிடந்தது. மேலத்தெருப் பெண்கள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காலனி வாசலில் நுழைந்து, சாலம்மாளை ஒட்டி நடந்து, அந்தப் பக்கம் போனார்கள்.

நான்கடி கிறிஸ்துமஸுக்குள் பதினோரு அடியானது. அடுப்புக்கு, கோழிக்கூட்டுக்கு, வாசல்படிக்கு என்று செங்கல்கள் இரண்டு தெருவுக்கும் போயின. மீதி நாற்பத்தொன்பது அடி இன்னும் நிற்கிறது. இதை வெற்றி என்று கொண்டாடச் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுக்க அர்த்தநாரி ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். ஒரே சர்வே எண், வரைபடத்தில் சுவர் கிடையாது. அதுவரை செத்தவர்கள் விஷயமாக எவரும் தங்களைக் கூப்பிடக் கூடாது என்பது பழனியம்மாளின் உத்தரவு. ஆகவே அர்த்தநாரி லாரி சர்வீஸின் கடிதத்தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்: கல்லறைத் தோட்டத்தில் எந்த வேலைக்கும் தன் சார்பில் அனுமதி கொடுப்பவர் தார்ப்பாய்க் கொட்டகை மரியபுஷ்பம்.

பிப்ரவரியில் சவரியார் கொட்டகைக்கு வந்தார். அவருடைய அப்பாவின் சிலுவை சாய்ந்துவிட்டது. அக்டோபர் மழைக் காற்றில் தார்ப்பாய் இழுத்த இழுப்பு அப்படி. மரியபுஷ்பம் எழுந்து, கையைத் துடைத்து, ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"இது நான் எழுதுன படிவம் புஷ்பம்."

"தெரியுமுங்க சார். எல்லாம் கேட்டிருக்கீங்க. உக்காந்து எழுதுங்க."

அவர் மடித்த தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து எழுதினார். குடியிருப்போர் ஒருவர். ஆய்வுக்கு வரும்போது இருப்பார். மரியபுஷ்பம் கோணி ஊசியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார்.

"ஒரு எடம் விட்டுட்டீங்களே சார். காலி செய்யும் உத்தேசம்."

சவரியார் பேனாவை எடுத்து, "பொதுத்தீர்வை நாளன்று" என்று எழுதினார்.

"என்ற அம்மாவும் அன்னைக்குத்தான் கெளம்பறாங்க" என்றார் மரியபுஷ்பம். "ரெண்டு பேரும் ஒரே வாசல்லதான் போவாங்க. மிச்சச் செவுத்தை அதுக்குள்ள எடுத்துருவீங்களா சார்?"

சவரியார் பேனாவை மூடினார். "கமிட்டியில பேசறேன்" என்றார்.

"பேசுங்க. அவசரமில்ல, அவங்க இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில், படிவத்தில் இல்லாத ஒரு வரியைத் தன் கைப்பட எழுதினார்: வேலைக்கான செங்கல்லைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.